மேனேஜர் டிக்கியில் எட்டு ஹேண்டில்

மே மாதம், மதியம் மூன்றரை மணி. ரோஜாப் பண்ணையின் எட்டு பாலிஹவுஸிலும் பக்கவாட்டுக் கர்ட்டன் திறந்து கிடக்கிறது. காற்று திரும்பிவிட்டது. கர்ட்டனை இறக்கும் ஹேண்டில் ஒன்றுகூடப் பண்ணையில் இல்லை. எட்டும் மேனேஜர் காரின் டிக்கியில். மேனேஜர் மேகத்தைத் துரத்திக்கொண்டு போயிருந்தார். இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

1. ஆணியில் தொங்கிய ஹேண்டில்

கிருஷ்ணகிரிப் பக்கம் குருபரப்பள்ளிக்கு உள்ளே மேட்டு நிலத்தில் இருந்தது பண்ணை. நான் அங்கே இருபத்திரண்டு வருஷம் மெயின்டனன்ஸ் மேஸ்திரி. பாலிஹவுஸ் என்பது இரும்புக் குழாய்க் கூடு, மேலே பிளாஸ்டிக் ஷீட். வெயிலுக்குக் கர்ட்டனைச் சுருட்டி ஏற்றுவோம், காற்று வந்தால் இறக்குவோம். இறக்காவிட்டால் உள்ளே புகுந்த காற்று கூரையையே தூக்கிவிடும். ஹேண்டில் அந்தந்த வாசலில் ஆணியில் தொங்கும். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் சுற்றுவார்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

புதிதாக வந்த மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. கர்ட்டனை இறக்கினால் உள்ளே சூடு ஏறி மொட்டு சீக்கிரம் விரிந்துவிடுகிறதாம்.

"சும்மா சும்மா இறக்கிடறாங்க மேஸ்திரி. ஹேண்டில் இனிமே என்கிட்ட இருக்கட்டும். ரேடார் பாத்து நான் சொல்றேன்."

"சார், காத்து உங்க போனைக் கேட்டுக்கிட்டா வரும்?" என்றேன். சிரித்தார்.

அவருக்குப் புயல் துரத்துவதில் பித்து. போனில் ரேடார் பார்த்து, எங்கே மேகம் கட்டுகிறதோ அங்கே காரை விடுவார். ஒருமுறை என்னையும் ராயக்கோட்டை ரோட்டுக்குக் கூட்டிப் போனார். கருநீலத்தில் மதில் மாதிரி மேகம் நகர்ந்து வந்தது. முதலில் ஜில்லென்று காற்று, பிறகு மண்வாசனை. உடம்பெல்லாம் புல்லரித்து, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், மறுபடி எப்போது கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அந்த நப்பாசையில்தான் ஹேண்டில் விஷயத்தில் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. எட்டையும் ஆணியிலிருந்து கழற்றி அவர் டிக்கியில் அடுக்கியவனும் நான்தான். த்தூ!

2. எட்டு நிமிஷப் பாதை

அன்றைக்கு மூன்றாவது, நான்காவது ஹவுஸில் பதினோரு பெண்கள் பூ வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு லீடர் லட்சுமம்மா. வீட்டில் தெலுங்கு, பண்ணையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம்.

நான் போன் போட்டேன். "சார், காத்து நம்ம பக்கம் திரும்பிடுச்சு. வண்டியத் திருப்புங்க!"

"இல்ல மேஸ்திரி, ரேடார்ல அது காவேரிப்பட்டினம் பக்கம் போவுது. நான் எதிர்க் கரட்டு மேலதான் நிக்கறேன். என்னா மேகம் தெரியுமா! பத்து நிமிஷம்."

அந்தக் கரட்டுக் குன்றிலிருந்து பண்ணைக்குக் காரில் எட்டு நிமிஷம். எட்டே நிமிஷம்!

ஒரே வழி, ஷீட்டைக் கிழித்துக் காற்றை வெளியே விடுவது. கேட்காமல் கிழித்தால் வேலை போகும். போனால் போகட்டும் மயிரே என்று கத்தியை எடுத்துக்கொண்டு "எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே மூன்றாவது ஹவுஸின் ஏணியில் ஏறினேன். நீளமாக நான்கு கிழி. கூடு நின்றது, உள்ளே இருந்தவர்கள் வெளியே ஓடினார்கள். நான்காவதற்கு நான் ஓடுவதற்குள் அது தரையை விட்டு எழும்பிவிட்டது. லட்சுமம்மா தன் ஆட்களை ஒவ்வொருத்தியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். கடைசி ஆளைத் தள்ளியபோது குழாய் சரிந்து அவள் முழங்காலில் விழுந்தது. மேலே ஆலங்கட்டி கொட்டியது. நாலு பேர் சேர்ந்து குழாயைத் தூக்கினோம்.

ஆம்புலன்ஸ் போன பிறகுதான் மேனேஜர் வந்தார். சட்டை நனைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. போனை நீட்டிக்கொண்டே இறங்கினார்.

"மேஸ்திரி, லைஃப்ல இப்படி ஒன்னு பாத்ததே இல்ல!"

அவர் சட்டையைப் பிடித்து டிக்கிப் பக்கம் இழுத்துப் போனேன். "தொறடா! தொறந்து பாருடா உள்ள என்னா இருக்குதுன்னு!" இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மேனேஜரை 'டா' போட்டது அன்றைக்குத்தான். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

3. வீடியோ

மேகம் அழகுதான். ஆசையிருந்தால் போய்ப் பாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் உள்ளே வேலை செய்கிறவர்களின் உயிர் உங்கள் கையில் இருந்தால், அந்த ஹேண்டிலைச் சரியான ஆளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். மேலே இருக்கிறவர் தப்பாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். பல்லை இளித்துக்கொண்டு கொடுத்தேன்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் லட்சுமம்மாவைப் பார்க்கப் போனேன். முழங்காலோடு காலை எடுத்துவிட்டார்கள். மேனேஜர் கரட்டு மேலிருந்து எடுத்த மேக வீடியோ அதற்குள் எல்லோர் போனிலும் சுற்றி, அவள் மகள் போனுக்கும் வந்திருந்தது. லட்சுமம்மா அதை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணா, மேகத்துக்குக் கீழ ஓரமா வெள்ளையா தெரியுதே, அது நம்ம பண்ணைதான?"

"ஆமாம்மா."

"அப்ப நாங்க உள்ளதான் இருந்தோம்?"

தலையை ஆட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வீடியோவுக்குக் கீழே வரிசையாக வந்திருந்ததை விரலால் தொட்டாள்.

"இதெல்லாம் என்னாண்ணா எழுதியிருக்காங்க? எங்களப் பத்தியா?"

'செம வியூ', 'வேற லெவல்', 'அடுத்த தடவ நானும் வரேன்' என்று எழுதியிருந்தார்கள். நான் படித்துக் காட்டவில்லை.