மிளகாய் இல்லாத காதுகுத்து

என் காதுகுத்துக்கு வந்தவர்கள் யாரும் இன்றுவரை என் காதைப் பற்றிப் பேசியதில்லை. குழம்பைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச்சைத் தொடங்கி வைப்பதே தாய்மாமாதான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் மாமாவுக்கு நாக்கில் புற்றுநோய். மதுரையில் எங்கள் வீட்டில் தங்கி, கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போய்வந்தார். ‘கரண்டு வைக்கிறது’ என்போம். வாயெல்லாம் புண்ணாகிச் சாப்பிட முடியாமல் போனால் சிகிச்சையை நடுவில் நிறுத்த வேண்டிவரும், அப்படி ஆகவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வெற்றிலை, புகையிலை, காரம், புளி, சூடு எதுவும் ஆகாது. ஆறவைத்த வெந்நீரில் உப்பும் ஆப்ப சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்க வேண்டும். வீட்டிலேயே பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. டம்ளரும் கையுமாக மாமாவைத் துரத்துவேன்.

“யக்கா, ஒம் மக தொல்ல தாங்கல. பெரம்பு ஒண்ணுதான் கொறச்சல்!” என்று அம்மாவிடம் கத்திவிட்டுக் கொப்பளிப்பார். நானும் சேர்ந்து கொப்பளிப்பேன். யார் துப்புவது தூரமாக விழுகிறது என்று போட்டி. நான்தான் ஜெயிப்பேன்.

இதற்கு நடுவில் காதுகுத்து வந்தது. தள்ளிப் போடலாம் என்றாள் அம்மா. மாமா கேட்கவில்லை.

“ஞாயித்துக்கெழம கரண்டுக்கு லீவுதானக்கா. எம் மடியில வச்சுத்தான் குத்தணும்.”

மடி சரி, பந்தி? முதல் பந்தியில் தாய்மாமன் கறிச்சோற்றில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். காரம் பட்டால் வாய் வெந்துவிடும். அவருக்கு மட்டும் கஞ்சி வைத்தால் ஊரே பார்க்கும்.

சமையல்காரரிடம் அப்பா என்ன சொன்னாரோ, கிடாக்குழம்பு வெள்ளைவெளேரென்று வந்தது. தேங்காய்ப்பால் மணத்தது. கறி பஞ்சாக வெந்திருந்தது. மிளகாய் மட்டும் இல்லை.

“என்னடா தம்பி, மொளகாக் கடையப் பூட்டிட்டாய்ங்களா?” என்றார் பெரியப்பா.

“எம் மக விசேசம்ணே, எம் இஷ்டம். சாப்பிடுங்க” என்றார் அப்பா.

குத்திய காதைவிட அந்தக் குழம்புதான் எனக்கு வலித்தது. என் வகுப்புப் பிள்ளைகள் வேறு வந்திருந்தார்கள்.

மாமா மட்டும் ஆற அமர மென்றுவிட்டு, “மச்சான், இன்னொரு கரண்டி!” என்றார். எப்போதும் அவரை வம்புக்கு இழுக்கும் அப்பா, அன்று பரிமாறுகிறவரிடம் இருந்து வாளியை வாங்கித் தானே ஊற்றினார். பிறகு பந்தலுக்குப் பின்னால் போய், வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

இத்தனை பேரில் ஒருவருக்காவது குழம்பு பிடித்துவிட்டதே என்ற நிம்மதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.