ஃபிரிட்ஜுக்கு ஒரு ஜோடி செருப்பு

போன ஞாயிறு ஒத்தக்கடையில் நண்பர் சேகர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நியாயம்தான்... புது டைல்ஸ்.

சமையலறையில் ஃபிரிட்ஜ் முன்னால் மட்டும் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு கிடந்தது.

தண்ணீர் எடுக்கப் போன என்னைச் சேகர் தடுத்தார். "செருப்ப மாட்டிட்டுத் திறங்கண்ணே. லேசா சுர்ருங்கும்."

லேசாக என்றால்?

"கட்டெறும்பு கடிச்ச மாதிரி. அம்புட்டுதான்."

சேகரும் போடுகிறார், அவர் மனைவி செல்வியும் போடுகிறார், வருகிற விருந்தாளியும் போடுகிறார். எல்லாக் காலுக்கும் அதே ஜோடி.

பிளக்கைப் பார்த்தேன். மூன்று கம்பிகளில் தடித்ததைக் காணோம். அதுதான் எர்த் — கசிகிற மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிடுவது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இரண்டு ஓட்டைதான் இருந்ததாம். மூன்றாவது கம்பி இடித்தது, சேகர் குறட்டால் பிடுங்கிவிட்டார். பாக்ஸை மாற்றுவதைவிட அது சுலபம் இல்லையா?

ஒரு பொருள் ஷாக் அடித்தால் நாம் அதைச் சரிசெய்வதில்லை. முன்கோபக்கார மாமனாரைப் போல அனுசரித்துப் போகிறோம்.

ஹாலில் தொட்டில் கட்டியிருந்தது. மறுநாள் மகள் வருகிறாராம், கைக்குழந்தையோடு. பேரனுக்கு எதையாவது பிடித்து எழுந்து நிற்கிற வயது.

அவன் ஃபிரிட்ஜைப் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

சேகர் அசரவில்லை. பீரோவிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே குட்டிச் செருப்பு. நடந்தால் 'பீப்பீ' என்று சத்தம் வருமாம்.

"அதெல்லாம் யோசிக்காமலா இருப்பேன்?"

செல்வி அந்தச் செருப்பைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். போய் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவினார்.

"சரி பண்ணிட்டு மாட்டுங்க. அதுவரைக்கும் மீன் கொழம்பு கெட்டாலும் பரவாயில்ல."

மாலைக்குள் எலெக்ட்ரீஷியன் வந்தார். ஃபிரிட்ஜுக்குள் கசிந்த வயர் மாறியது. எர்த்தோடு தனி சாக்கெட் வந்தது. கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்சும் வந்தது. பேரன் இப்போது வெறுங்காலோடு ஃபிரிட்ஜைப் பிடித்து நிற்கிறானாம்.

அன்று தல்லாகுளத்துக்குத் திரும்பியதும் என் மனைவியிடம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வாஷிங் மெஷினிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார்... ஒரு மரப்பலகை மேல் நின்றபடி.

பலகை எதற்கு?

"இதுல ஏறி நின்னா ஷாக் அடிக்காது. ஏன், இம்புட்டு நாளா தெரியாதா?"

எலெக்ட்ரீஷியன் நம்பரைச் சேகரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.