சுவருக்கு வெளியே வைத்த விளக்கு

என் எழுத்துப் பிழைகளை உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்காம் வகுப்போடு நின்றவன். அச்சுக்கூடத்தார் திருத்திப் போடுவதாகச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் தகப்பனார் நைனாவின் வருஷத் திதிக்கு அச்சிடும் இதை நான்தான் எழுத வேண்டும்.

நைனா பள்ளிப்பட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, திருத்தணிக்குச் சுண்ணாம்பு அரைக்கும் கூலியாக வந்தார். அப்போது ஊருக்கு வெளியே சாராய ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. கோயில் படியில் நின்றால் தெரிகிற அந்தச் செங்கல் புகைபோக்கியில் அவர் சுமந்த சுண்ணாம்பு இருக்கிறது. செப்புக் கொப்பரைகள் வைத்த மூன்று மாடிக் கட்டடமும், இரண்டு முழக் கனத்தில் சுவர் எழுப்பிய பீப்பாய்க் கூடமும் அவர் கண்ணெதிரே உயர்ந்தவை. கட்டி முடிந்ததும் அங்கேயே வேலைக்கு அமர்ந்தார்.

முதல் வருஷமே அவருடைய கூட்டாளி ஒருவர் கைவிளக்கோடு பீப்பாய்க் கூடத்துக்குள் போனார். சாராய ஆவி பற்றிக்கொண்டு, ஆள் கருகிப் போனார். அதன் பிறகு நைனாவே ஜன்னல்களுக்கு வெளிப்புறம் மாடம் கட்டி, கூடத்துக்கும் அதற்கும் நடுவில் கனத்த கண்ணாடி பதித்தார். விளக்கு வெளியே எரியும். வெளிச்சம் மட்டும் உள்ளே போகும்.

மதுவிலக்கு வந்து ஆலை மூடப்பட்டது. கொப்பரைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். முதலாளி சாவியை நைனாவிடம் கொடுத்தார். அன்று முதல் சுவரில் முளைக்கும் ஆலங்கன்றைப் பிடுங்குவதும், மாடக் கண்ணாடிகளைத் துடைப்பதுமே அவர் வேலை.

ஒரு நாள் மதியம் அவருக்குக் கூழ் கொண்டுபோன நான், பீடியோடு கூடத்துக்குள் நுழைந்துவிட்டேன். அதைப் பிடுங்கி உள்ளங்கையிலேயே நசுக்கினார்.

"நெருப்போட உள்ள வரியே, அறிவு இருக்குதாடா?"

"சொட்டு சாராயம் இல்ல. காலி பீப்பாய்க்குக் காவல் இருந்துகினு இன்னாத்துக்கு நைனா இந்த அதட்டு?" என்றேன். கூட வந்த பாவா, என் அக்காள் கணவர், சிரித்துவிட்டார்.

நைனா மறுநாளிலிருந்து கூழை வாசலிலேயே வாங்கிக்கொண்டார். "உள்ள வா" என்று அதற்குப் பிறகு ஒரு நாளும் அழைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்து நினைத்தே இரண்டு வருஷம் போயிற்று. வாய் வரவில்லை.

போன ஐப்பசி அடைமழையில் ஒரு காலை கூழோடு போனேன். வாசலில் அவர் இல்லை. கூடத்துக்குள், துடைக்கும் துணி கையில் இருக்க, கிடந்தார். உயிர் இல்லை. மழை விடாததால் அங்கேயே தெற்கு ஜன்னலடியில் தலை வைத்துக் கிடத்தினோம்.

பாவா அகல் ஏற்றி வந்தார்.

"உள்ள வேணாம் பாவா."

"தலைமாட்டுல வெளக்கு இல்லாமயா? நைனா எழுந்து வந்து உன்னை அடிக்கப் போறாரா இன்னா?"

"அடிச்சா நல்லாத்தான் இருக்கும். குடுங்க."

அகலை வாங்கி, வெளியே சுற்றிப் போய், மாடத்தில் வைத்தேன். அன்று காலை அவர் துடைத்திருந்த கண்ணாடி. வெளிச்சம் நேரே அவர் முகத்தில் விழுந்தது. பாவா வந்து விளக்குக்குக் குடை பிடித்தார். நைனாவை எடுக்கும் வரை அது அணையவில்லை.

மழையில் தோள் கொடுத்தவர்களுக்கும், கட்டடத்தை இடிக்காமல் காத்துவரும் முதலாளி வீட்டாருக்கும், கை கடுக்க நின்ற பாவாவுக்கும் கைகூப்புகிறேன். நைனாவிடம் வாயால் கேட்க முடியாததை இங்கே எழுதிக் கேட்டுவிட்டேன்.

திருத்தணி,
சர்வதாரி வருஷம், ஐப்பசி மாதம் பன்னிரண்டாம் நாள்.