சாவி இல்லாமல் எரிந்த விளக்கு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவ்வளவுதான்.

அந்தக் குளிர் ஊரில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வேன் ஓட்டும் வேலை. விடிவதற்குள் நோயாளிகளை வீடு வீடாகப் போய் ஏற்றிவர வேண்டும். மனைவியும் மகளும் தொலைவில். வேன் நிறுத்தும் ஷெட்டை ஒட்டிய அறையில் நான் ஒண்டிக்கட்டை. 'சாவியை எங்கே வெச்சேன்?' என்று என்னையே கேட்டுக்கொள்வதுதான் பல நாள் நான் பேசும் முதல் பேச்சு.

அன்று காலை 5.10. வாளித் தண்ணீர் மேலே ஐஸாக உறைந்திருந்தது.

குளிரில் டீசல் வண்டி எடுத்த எடுப்பில் கிளம்பாது. சாவியை ஒரு திருப்புத் திருப்பினால் மீட்டர் பக்கத்தில் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். இஞ்சினுக்குள் ஹீட்டர் பிளக் சூடாகிறது என்று அர்த்தம். அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

என் வண்டியில் விளக்கே எரியவில்லை. நாலு தடவை சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை.

முதலில் ஏற்ற வேண்டியது டீச்சரம்மாவை. டயாலிசிஸ். ஒரு தடவை தவறினாலும் மூச்சுவிடத் திணறுவார்.

அப்போதுதான் பார்த்தேன்... ஷெட் மூலையில் நிற்கும் பழைய வேனுக்குள் மஞ்சள் வெளிச்சம். அதே சுருள் விளக்கு.

யாரோ சாவியை மறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஏறி உட்கார்ந்தேன். உள்ளே கதகதப்பு. சாவித் துளையைத் தடவினேன்.

சாவி இல்லை.

டிக்.

விளக்கு அணைந்தது. இஞ்சின் தானாகக் கிளம்பியது. சீட் அதிர்ந்தது. மணி 5.16.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அந்தப் பதினோரு நாளில் அன்றுதான் உடம்பில் சூடு ஏறியது. மரத்த விரல்கள் அசைந்தன...

"குளிருதா?"

பக்கத்து சீட்டிலிருந்து. அங்கே யாரும் இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என்னையும் கேட்க ஒரு ஆள் இருக்கிறதே என்றுதான் தோன்றியது. "ஆமாங்க" என்றேன்.

"கதவ சாத்துங்க."

கை கதவுக்குப் போனது.

போன் அடித்தது. டீச்சரம்மா.

"தம்பி, வண்டி வரலையே?"

"இதோ வந்துட்டேம்மா! கிளப்பிட்டேன்!"

"ஏன் கத்துறீங்க?"

"இஞ்சின் சத்தம்மா! கேக்கலையா?"

"ஒரு சத்தமும் இல்லையே தம்பி..." கொஞ்சம் நிறுத்தினார். "உங்க பக்கத்துல யாரோ இருமுறாங்க. அது மட்டும்தான் கேக்குது."

குதித்தேன்.

திரும்பிப் பார்க்கவில்லை.

ரோட்டில் வந்த ரொட்டி வண்டியை மறித்து, கையைக் காலைப் பிடித்து, டீச்சரம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

எட்டு மணிக்கு மெக்கானிக் வந்தார். என் வண்டியில் நாலு பிளக்கும் கருகியிருந்தன. பழைய வேனில் ஏறி உட்கார்ந்ததை மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"கதவ சாத்தலையே?"

"இல்ல... ஏன்?"

அவர் போய் அந்த வேனின் பானெட்டைத் தூக்கிக் காட்டினார்.

உள்ளே ஷெட்டின் தரை தெரிந்தது.

"இஞ்சினைக் கழட்டி நாலு மாசமாச்சு" என்றார்.