அம்மா ஓட்டிய புல்வண்டி

நேற்று ஆபீஸ் வாசலில் ஒருவர் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டிக்கொண்டிருந்தார். பச்சைப் புல்லின் வாசமும் பெட்ரோல் வாசமும் ஒன்றாக வந்தன. கூட வந்த தோழி மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். என்ன செய்வது, எனக்கு அது அம்மாவின் புடவை வாசம். எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் மற்ற அம்மாக்கள் மீன் வாசத்தோடு வீடு திரும்புவார்கள். என் அம்மா மட்டும் புல்லும் பெட்ரோலுமாக வருவாள்.

எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக் குடியிருப்பில் அவளுக்குக் கான்ட்ராக்ட் வேலை. பல வருஷம் குந்தியபடியே அரிவாளால் புல் அறுத்தாள். எழுந்து நின்றால்கூட முதுகு நிமிர நேரம் பிடிக்கும். பிறகு அங்கே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வண்டி ஒன்றை வாங்கினார்கள். சிவப்பு நிறம். சீட், ஸ்டியரிங், நான்கு சக்கரம், வயிற்றுக்கு அடியில் சுழலும் பிளேடு. தோட்ட வேலை செய்த ஆண்கள் இரண்டு பேர் ஓட்டிப் பார்த்து, இரண்டு பேரும் வேலியில் மோதினார்கள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத அம்மா ஏறி உட்கார்ந்து நூல் பிடித்தது போல ஓட்டிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனது நான். முதலில் ஸ்டியரிங் பிடித்தது அம்மா. எது பெரிது என்று கேட்டால் ஸ்டியரிங் என்றுதான் சொல்வேன்.

நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் வண்டி இரும ஆரம்பித்தது. பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடும். பிறகு சத்தம் ஏறும், இறங்கும், உடம்பெல்லாம் உதறும், நின்றுவிடும். அரை மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி ஓடும். சர்வீஸ்காரர்கள் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். சூப்பர்வைசர் அதுவரை காத்திருக்கத் தயாராக இல்லை.

"பொம்பள கையில மெஷின குடுத்தா இப்படித்தான். திங்கக்கெழம ஓடலன்னா வேற ஆள உக்கார வெச்சுடுவேன். நீ பழையபடி அரிவாள எடுத்துக்க."

"நான் வூட்டுக்கு எட்த்துனு போறேன் சார். என் பொண்ணு இஞ்சினுக்குத்தான் படிக்குது" என்றாளாம் அம்மா. அவர் சிரித்துக்கொண்டே வண்டி வெளியே போகக் கேட் சீட்டில் கையெழுத்துப் போட்டாராம்.

இந்த உரையாடல் எல்லாம் சனிக்கிழமை மாலை எங்கள் வாசலில் வண்டியை ஏற்றிக்கொண்டு குட்டியானை லாரி வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரியும். இஞ்சினோடு எனக்கிருந்த உறவு அதுவரை காகிதத்தில்தான். குறுக்குவெட்டுப் படம் வரைந்திருக்கிறேன். பத்துக்கு எட்டு மார்க்.

வண்டி இறங்கியதும் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னா, டிராக்டரா? நெலம் எங்க கீது?"

"கடலத்தான் உழுவப் போறோம்" என்றார் நைனா, என் அப்பா. அவர் காசிமேட்டிலிருந்து ஃபைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர். கடலைப் பற்றி யார் கேட்டாலும் பதில் வைத்திருப்பார்.

மறுநாள் காலை நான் வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆனது.

"அது இன்னாடி சொல்லுது?"

"சரிவுல குறுக்க ஓட்டக் கூடாதாம்மா."

"நம்ம தெருவுல ஏதுடி சரிவு? ஏன் இருமுதுன்னு கீதா, அத்தப் பாரு."

நைனாவின் பீடியை அணைக்கச் சொன்னது மட்டுமே அன்று காலை அந்தப் புத்தகத்தால் கிடைத்த பயன்.

பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு செபஸ்தியண்ணன் வந்தார். எங்கள் தெருவிலேயே பிறந்து, மெயின் ரோட்டில் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்தவர். பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடினார். வண்டி கிளம்பியது. "அவ்ளோதான், முடிஞ்சிச்சு" என்று டீ கேட்டார். டீ வருவதற்குள் வண்டி இருமிச் செத்தது. அடுத்து கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். மறுபடி டேங்கைத் திறந்து பார்த்தார், மூடினார். மறுபடி பத்து நிமிஷம், மறுபடி இருமல். வெள்ளைச் சட்டை அதற்குள் வேறு நிறமாகியிருந்தது.

"இன்னா செபஸ்தி, அடுத்த ஞாயித்துக்கெழம பூசைக்காவது வுடுமா இது?" என்றார் நைனா.

அம்மா சிரிக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரிவாள் காய்ப்பு அப்போதுதான் மெல்ல மறைந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒன்று உறைத்தது. அண்ணன் எதைச் செய்தாலும் வண்டி சரியாகப் பத்து நிமிஷம் ஓடுகிறது. இரண்டு தடவையும் அவர் பொதுவாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணே, இந்தவாட்டி ஒண்ணும் பண்ணாதீங்க. டேங்க் மூடிய மட்டும் தெறங்க."

"தெறந்தா?"

"தெறங்களேன்."

திறந்தார். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். டேங்கின் வாய்மேல் கட்டியிருந்த பாலிதீன் தாள் கிண்ணம் போல உள்ளே குழிந்து போயிருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எதையும் வாய் திறந்து வைக்கிற வழக்கம் கிடையாது. கடலிலிருந்து உப்புக் காற்று, துறைமுகத்திலிருந்து கரித்தூள். குடத்துக்கும் மாவுப் பாத்திரத்துக்கும் மூடியின் கீழ் ஒரு பாலிதீன் தாள் போடுவோம். போட்டில் மண்ணெண்ணெய் கேனுக்கும் அதுதான். அதனால் டேங்கில் தாளைப் பார்த்தபோது செபஸ்தியண்ணனுக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் பொறுப்பாகத் திரும்ப இழுத்துக் கட்டி, அதன்மேல் மூடியைத் திருகியிருக்கிறார். வேறு ஊர் மெக்கானிக்காக இருந்திருந்தால் பார்த்ததுமே பிடுங்கி எறிந்திருப்பார்.

நான் பிடுங்கினேன். மூடியை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் பெட்ரோல் கீழே இறங்காது. எட்டாம் வகுப்பில் காற்றழுத்தத்தை ஒப்பித்து மார்க் வாங்கியவள் நான். அது உண்மையிலேயே இருக்கிறது என்று அன்றுதான் நம்பினேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஊசித் துளைக்கு வெளியே காத்துக்கொண்டு நிற்கிறது. அதை விடவில்லை என்பதற்காக அவ்வளவு பெரிய இரும்பு மண்டியிடுகிறது.

வண்டி கிளம்பியது. பத்து நிமிஷம். இருபது. எதிர்வீட்டு அக்கா அரிசியைக் களையாமல் கையில் வைத்தபடி நின்றாள். அரை மணி நேரம் ஆகியும் ஒரே சீராக, ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. கோயிலில் நிற்பது போல நின்றோம்.

அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "ஷெட்டு ஒழுகுதேன்னு நான்தான்டி தாளக் கட்டுனேன். அப்ப நானே அத்த மூச்சு முட்ட வெச்சேனா?"

"இத்தினி நாளா என்னிய மட்டுந்தான்னு நெனச்சேன்" என்றார் நைனா. அம்மா அவரை அடிக்க எழுந்தாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை நான் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு அந்தக் குடியிருப்பின் கேட்டருகே நின்றேன். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா புடவையை இழுத்துச் செருகி, ஏறி உட்கார்ந்தாள். வண்டி புல்வெளியின் கோடிவரை போய்த் திரும்பியது. எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. வெட்டிய புல்லில் பூச்சி பொறுக்கியபடி, வெள்ளை வெள்ளையாக அவள் பின்னாலேயே நடந்தன. நான் பிறந்ததிலிருந்து பார்த்த அம்மாதான். ஆனால் அன்று அவளைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து சூப்பர்வைசர், "சரி, நீயே ஓட்டு" என்றார். அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவள் அந்தக் கோடியில் இருந்தாள்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் அவள்தான் ஓட்டினாள். அப்புறம் குடியிருப்பை இடித்தார்கள். வண்டியை எங்கே விற்றார்கள் என்று தெரியவில்லை. போன மாதம் எண்ணூர் பஸ்ஸில் அந்த வழியாகப் போனோம். புல் இல்லை, மதில் இல்லை, கொக்கு இல்லை. கன்டெய்னர்கள் நான்கடுக்கு உயரத்துக்கு நின்றன. அம்மா ஜன்னல் கம்பிக்கு வெளியே விரலை நீட்டினாள்.

"அங்கதான்டி திருப்புவேன்."

அவள் காட்டிய இடத்தில் நீலக் கன்டெய்னர் ஒன்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.