முதல் மிடறு என்னுடையது

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஒன்பது பேரை வளர்த்தேன். ஆறு என் வயிற்றில் பிறந்தது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது, ஒன்று பக்கத்து வீட்டில் தாயில்லாமல் நின்றது. சோறு போட்டு, அடித்து, முழங்காலில் நிற்க வைத்து ஜெபம் சொல்லிக்கொடுத்து, ஒன்பதையும் ஆளாக்கினேன். இன்றைக்கு இந்தப் பர்மாவில், இன்சீனில், என்னோடு இருப்பது கடைசி மகனுடைய மனைவியும் அவள் மகளும்தான். மகன் மலேசியாவில். மற்றவர்கள் எங்கெங்கோ. போனில் முகம் தெரியும். அவ்வளவுதான்.

எனக்கு எழுத்து கொஞ்சந்தான் வரும். கையெழுத்துப் போடுவேன். தெரிந்த பாட்டு என்றால் பாட்டுப் புத்தகத்தில் விரல் வைத்து வாசிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளை. பேச்சில் பாதி பர்மியம், ஆனாலும் எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

சொல்ல வந்தது பீரைப் பற்றி. கிழவி பீரைப் பற்றி என்ன சொல்லப் போகிறாள் என்று யாரும் சிரிக்க வேண்டாம். எங்கள் சந்தில் பீர் என்றால் வீட்டில் போடுகிற பீர். இஞ்சியைத் தட்டிப் பனைவெல்லத்தில் புளிக்க வைத்தது, அன்னாசித் தோலில் போட்டது, அரிசியில் போட்டது, எல்லாவற்றுக்கும் பீர் என்றுதான் பெயர். பாஸ்டர் ஐயாவே இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுப் பிரசங்கத்துக்குப் போவார். தலை சுற்றாது, ஏப்பம்தான் வரும்.

முன்பெல்லாம் கிறிஸ்மஸுக்குச் சீட்டுக் குலுக்கி ஒருவருக்கொருவர் சாமான் கொடுப்போம். துண்டு, பீங்கான் தட்டு, பிஸ்கட் டின். விலை ஏற ஏற அது கஷ்டமாகிவிட்டது. ஒரு வருடம் நான்தான் சொன்னேன், வீட்டுக்கு ஒரு பாட்டில் பீர் போடுங்கள், அதை மாற்றிக்கொள்வோம் என்று. என் இஞ்சி பீரை ரயில்வே ஒர்க்ஷாப்பில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த அத்தனை பேரும் கேட்டு வாங்கிக் குடித்தவர்கள். நான் சொன்னால் சந்தில் மறுபேச்சு இல்லை.

அப்படி வந்ததுதான் எங்கள் வழக்கம். பழைய பெரிய பீர் பாட்டில், தக்கை வைத்து நூலால் கட்டியிருக்க வேண்டும். பாட்டிலில் யார் பெயரும் இருக்கக்கூடாது. கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்ததும் சீட்டெடுத்து ஆளுக்கொரு பாட்டில் வாங்கிப் போவார்கள். மறுநாள் மத்தியானம் எல்லாப் பாட்டிலும் என் வீட்டு மேசைக்கு வரும். அங்கே திறந்து, எல்லாரும் எல்லாவற்றையும் குடித்துப் பார்த்து, எது நல்லது என்று நான் சொல்வேன். பிறகு யார் போட்டது என்பது தெரியும். சீட்டில் வாங்கியவர் அந்தப் பாட்டிலைப் போட்டவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலியாகக் கொடுக்கக்கூடாது. எண்ணெயோ, ஊறுகாயோ, கையில் இருப்பதை நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலையும் என்னுடையது. டிசம்பர் பிறந்ததும் எல்லார் வீட்டுப் பாட்டிலும் என்னிடம் வரும். மணலும் சாம்பலும் போட்டுக் கழுவி, வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்து, சரி என்று நான் சொன்னால்தான் அதில் பீர் ஊற்றலாம். என் மூக்கு அப்படி. குழாய்க் கிணற்றுத் தண்ணீரா மழைத் தண்ணீரா என்று பீரைக் குடித்தே சொல்லிவிடுவேன். இன்னார் வீட்டு இஞ்சி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எல்லா வீட்டிலும் அந்தக் காய்ச்சல் வந்ததே ஒரு மழைக்காலம், ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஜனங்கள் ரோட்டில் வரிசையில் நின்ற காலம், அப்போது எனக்கும் வந்தது. பிழைத்து எழுந்தேன். மூக்கு எழுந்திருக்கவில்லை. உப்பு லேசாகத் தெரியும், இனிப்பு லேசாகத் தெரியும், வாசம் ஒன்றும் இல்லை. காப்பி என்பது சுடுதண்ணீர். மீன் குழம்பில் சேமியா போட்ட மோஹிங்கா என்பது கொழகொழவென்று ஏதோ. மல்லிகைப்பூவை முகத்தில் வைத்து அழுத்தினாலும் ஈரம்தான் தெரியும்.

யாரிடமும் சொல்லவில்லை. போய்விட்ட மூக்கு நாளைக்கு வரும், அடுத்த மாதம் வரும் என்று இருந்தேன். வரவில்லை. கிறிஸ்மஸ்தான் வந்தது. என்ன செய்தேன்? எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில் குடிப்போம் இல்லையா, நான் கிளாஸை வாயில் வைத்துக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். ஒன்பது பிள்ளை வளர்த்தவளுக்கு முகம் பார்க்கத் தெரியாதா? எந்தப் பாட்டிலுக்குக் கண் விரிகிறதோ அதுதான் நல்ல பீர். ஒரு வருடமும் தப்பவில்லை. தப்பவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கிறிஸ்மஸில் எனக்கு உடம்பே ஓய்ந்திருந்தது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று ஒரு ஒழுங்கு இல்லை. கரண்ட் இருந்தால்தான் மோட்டார் ஓடும், மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். சந்தில் யாராவது "மீ லாபீ!" என்று கத்தினால், கரண்ட் வந்துவிட்டது என்று ஆளாளுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வாலிபப் பிள்ளைகள் பாதிப்பேர் ஊரிலேயே இல்லை. மேசைக்கு வந்த பாட்டிலும் குறைவு. இருக்கிற தண்ணீரில் பாட்டில்களைக் கழுவினேன், மோந்தேன், சரி என்றேன். யார் என்னைச் சந்தேகப்படப் போகிறார்கள்?

கிறிஸ்மஸுக்கு மறுநாள் மத்தியானம் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். என் மருமகள். எதிர் வீட்டுக்காரி, அவள் எனக்கு ஒரு வயது இளையவள், கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்ததிலிருந்து நான் கிழக்கு என்றால் மேற்கு என்பவள். மூலை வீட்டுக் கரின் இனத்து அம்மா, எங்களோடு இருந்து இருந்து தமிழ் பேசுகிறவர், அரிசி பீர் போடுவதில் கெட்டிக்காரர். இவர்களோடு புதிதாக ஒரு பெண். ஊரின் இன்னொரு பக்கம், தின்கன்ஜூனிலிருந்து வாடகைக்கு வந்து ஆறு மாதந்தான் ஆகிறது, ஆபீசில் வேலை. அந்தப் பெண்தான் ஆரம்பித்தாள்.

"அம்மா, ஏன் எல்லாரும் ஒண்ணாக் குடிக்கணும்? நீங்க முதல்ல குடிச்சுச் சொல்லுங்க. அப்புறம் நாங்க குடிக்கிறோம். அதுதானே மரியாதை?"

மருமகள் அவசரமாக, "வேண்டாங்க, வழக்கத்தை ஏன் மாத்திக்கிட்டு" என்றாள்.

"ஏன், உங்க மாமியார் நாக்கு மேல நம்பிக்கை இல்லையா?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்? "ஊத்து" என்றேன்.

முதல் பாட்டில் திறந்தபோது தக்கை சத்தமே போடவில்லை. நுரையும் இல்லை. "செத்துப்போச்சு" என்றேன். சரியாக இருந்தது. இரண்டாவது வெள்ளையாகக் கலங்கியிருந்தது, அரிசி என்று கண்ணே சொன்னது. "புளிப்பு அளவா இருக்கு" என்றேன். கரின் அம்மா குனிந்து கும்பிட்டார். மூன்றாவது எதிர் வீட்டுக்காரி சீட்டில் வாங்கி வந்த பாட்டில். நூலை அறுத்ததும் தக்கை பட்டாசு மாதிரிப் போய் மேலே கூரையில் அடித்தது. தேன் நிறம். நுரை கிளாஸை விட்டு இறங்கவே இல்லை. வாயில் வைத்தேன். தொண்டையில் இஞ்சி சுள்ளென்றது. அந்தச் சுள்ளு ஒன்றுதான் எனக்கு மிச்சம். மனது குளிர்ந்துபோய் முழு மிடறு விழுங்கினேன்.

"இதுதான் பீர்" என்றேன். "இதுக்கு மேல இந்த வருஷம் ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் ஊத்து."

மருமகள் ஊற்றினாள். குடித்தார்கள். புதுப் பெண் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மேசைக்கு அடியில் யாரோ யாரையோ உதைத்த சத்தம் கேட்டது.

"நல்லாருக்கு அத்தை" என்றாள் மருமகள்.

"நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார் கரின் அம்மா.

எதிர் வீட்டுக்காரி கிளாஸைக் கீழே வைத்து, முந்தானையால் உதட்டைத் துடைத்து, "ஆமா. நீ சொன்னது சரிதான்" என்றாள்.

கையிலிருந்த கிளாஸை நானும் கீழே வைத்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் பழக்கம், அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்குக்கூட, பெட்டிக்கு எந்தத் துணி விரிப்பது என்று என்னோடு சண்டை பிடித்தவள் அவள்.

அப்போது எங்கள் வீட்டுப் பூனை மேசைமேல் ஏறியது. இத்தனை கிறிஸ்மஸ் பார்த்த பூனை, பீர்ப் பக்கம் திரும்பியதே கிடையாது. நேராக என் கிளாஸுக்கு வந்தது. முகத்தை உள்ளே விட்டு நக்க ஆரம்பித்தது. யாரும் விரட்டவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் தேவலை.

பூனைக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா?

நான் எழுந்து, "அடுத்ததை நீங்க பாருங்க, எனக்கு முதுகு வலிக்குது" என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். வெளியே நாற்காலிகள் நகர்ந்த சத்தம்.

வெயில் தாழ எதிர் வீட்டுக்காரி வந்தாள். கையில் அந்தப் பாட்டில். என் கட்டிலிலேயே உட்கார்ந்தாள்.

"இந்தா. உன் மருமக பாட்டில். காலியாக் குடுக்கலை. சுடுதண்ணியும் சோப்பும் நிரப்பியிருக்கேன். இன்னும் நாத்தம் போகலை."

"ஙன்பியாயேவா?"

ஙன்பியாயே என்றால் மீனை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிற சாறு. அது இல்லாமல் இங்கே யாருக்கும் குழம்பு இல்லை.

"பின்ன? முந்தின வருஷம் மூலை வீட்டம்மா இந்தப் பாட்டில்லதானே அதை ரொப்பித் திருப்பிக் குடுத்தா. வருஷம் பூரா உங்க அடுப்படியில கிடந்த பாட்டில். நீ மோந்து சரின்னுட்டே."

"மருமக போட்ட பீரா அது?"

"அவ பீர்தான். குடிச்சிட்டு நல்லாருக்குன்னாளே, பார்த்தியா. எனக்கு இப்பவும் வாயெல்லாம் கருவாட்டு மார்க்கெட்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "எத்தனை நாளாத் தெரியும்?"

"காய்ச்சல் வந்த வருஷத்துலேருந்து. உன் மருமக வீடு வீடாப் போய்ச் சொன்னா. அத்தைக்கு மூக்கு போயிடுச்சு, யாரும் கேக்காதீங்க, குடிக்கிறப்போ எது நல்லதோ அதுக்கு மூஞ்சை நல்லா விரிச்சுக் காட்டுங்கன்னு. நாங்களும் காட்டினோம். எனக்குக் கன்னமே வலிக்கும்."

"பாட்டில்?"

"நீ கழுவி வெச்சதை எல்லாம் நீ தூங்கினப்புறம் அவ திரும்பக் கழுவுவா. இந்த வருஷம் கரண்ட் இல்ல, மோட்டார் ஓடலை, தண்ணிக்கு எங்க போவா? அந்தப் புதுப் பொண்ணுகிட்ட சொல்லவும் மறந்துட்டா. ரெண்டும் சேர்ந்துக்கிச்சு."

நான் பாட்டிலை வாங்கி மூக்கில் வைத்து மோந்தேன். பிறகு, "கோபமா?" என்றாள்.

"இல்ல. அசதி."

"எனக்கு மட்டும் என்ன? உன்கூட ஒத்துப்போறது லேசுப்பட்ட வேலையா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கோபம் இல்லை என்று சொன்னது பொய். இரண்டு நாள் மருமகளிடம் முகம் கொடுக்கவில்லை. அவமானம் பண்ணியிருந்தால் திருப்பிக் கொடுக்க எனக்குத் தெரியும். இதற்கு என்ன கொடுப்பது? மூன்றாவது நாள் நான் வைத்த குழம்பு கொதிக்கும்போது அவள் எனக்குத் தெரியாமல் உப்பு போடுவதைப் பார்த்தேன். எத்தனை வருடமாகவோ போட்டிருக்கிறாள். "நல்லாத் தெரியிற மாதிரியே போடு, திருட்டுத்தனமாப் போடாதே" என்றேன். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். கண்ணில் நீர் வந்தது. வெங்காயம் என்றாள். அடுப்படியில் வெங்காயமே இல்லை.

இப்போது மறுபடி டிசம்பர் வருகிறது. மேசையின் தலைப்பக்கம் என் நாற்காலி இருக்கிறது. எது நல்லது என்று சொல்வது என் வேலை என்று இத்தனை வருடம் யாரும் கேட்காமலேயே எடுத்துக்கொண்டேன், போன வருடம் முதல் மிடறும் என்னுடையது என்று குடித்தேன். இந்த வருடம் அந்த நாற்காலியில் மருமகள் உட்கார வேண்டும். பாட்டிலை மோந்து பார்ப்பதும் அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தக்கைச் சத்தம் கேட்டுக்கொள்கிறேன். காது நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று இதைச் சொல்ல என்னால் முடியாது. பாதியில் பெருமை வந்து வாயை மூடிவிடும். அதனால்தான் இதை எழுத வைத்தேன். பாட்டில் திறக்கும் முன்னால் பேத்தி எழுந்து வாசிப்பாள்.

எங்கம்மா பேரையும் எழுதவா என்று கேட்கிறாள். பேர் எதற்கு? மருமகள் என்று எழுதினால் போதும், எனக்கு இங்கே ஒருத்திதான். முகத்தை விரிக்க வேண்டாம் என்று எதிர் வீட்டுக்காரிக்கும் ஒரு வரி போடு. அவள் பழையபடி மேற்கு என்றே சொல்லட்டும்.

பூனையை எழுதாமல் விட்டுவிடவில்லையே? எங்கே, வெளிச்சம் இருக்கும்போதே முதலிலிருந்து வாசி, கேட்போம். மெதுவாக வாசி.