ஏவ்ரிலின் சம்மதம்

புதன்கிழமை மாலை. ஏவ்ரில் சமையலறை மேசையில் உட்கார்ந்து, தோல் கையுறையில் ஏறியிருந்த முட்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் சமைத்து ஓய்வு பெற்றவள். அதன்பின் பதினொரு குளிர்காலமாக, புதன்தோறும் ஒன்பது பேரோடு கிரீட்டன் புதர்வெளிக்குப் போகிறாள். சம்பளம் கிடையாது. தானாக முளைக்கும் பிர்ச், பைன் கன்றுகளை வேரோடு பிடுங்குவதுதான் வேலை. விட்டால் வெளி காடாகிவிடும். வெறும் மணலில் முட்டையிடும் பல்லிக்கு வெயில் கிடைக்காது, தரையில் அடைகாக்கும் பக்கிப் பறவைக்கு இடமிருக்காது. நாயோடு நடக்க வருகிறவர்கள் "மரக்கொலைகாரி" என்று காதுபடச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதையும் பொறுத்திருக்கிறாள்.

அவள் புருஷன் கிளைவ் ஊர்மன்ற உறுப்பினர். கூட்டம் முடிந்து வந்தவன், கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னான்:

"சனிக்கிழமை முந்நூறு ஓக் கன்று நடுறோம். கிரீட்டன்ல, தெற்குச் சரிவுல. சும்மா கெடக்குற மணல்தானே."

"அது சும்மா கெடக்கல. நாங்க முதுகொடிஞ்சு அப்படி வெச்சிருக்கோம்."

"மரம் நடுறதுல என்ன தப்பு, செல்லம்?"

"மைதானத்துல நடு. சர்ச்சுக்குப் பின்னால நடு. உன் மண்டைக்குள்ள நடு, அங்கதான் நிறைய எடம் காலியா இருக்கு."

கிளைவ் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. மன்றத்தில் நாலு பேர் இழுத்தார்களாம், புதன்கிழமைக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று. "என் பொண்டாட்டிக்கே சம்மதம்னேன். அப்புறம்தான் கை தூக்கினாங்க."

"நான் எப்போ சம்மதிச்சேன்?"

"நீ மரம் நடுறதுக்குத்தானே அங்க போறே?"

ஏவ்ரில் இடுக்கியை மேசைமேல் வைத்தாள். பதினொரு வருடம் அவள் பூட்ஸிலிருந்து மணல் கொட்டுவதைப் பார்த்திருக்கிறான். அங்கே என்ன செய்கிறாள் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

எழுந்து, மன்றச் செயலாளருக்குப் போன் போட்டாள். "க்ளெனிஸ், ஏவ்ரில் பேசறேன். எனக்குச் சம்மதம்னு கிளைவ் சொன்னது பொய். கூட்டக் குறிப்புல எழுதிக்கோ... காலையில இல்ல, இப்பவே. நீ எழுதற வரைக்கும் நான் வைக்க மாட்டேன்... வெள்ளிக்கிழமை மறுபடியும் ஓட்டா? நல்லது. நானும் வரேன்."

போனை வைத்தாள். கிளைவின் முகம் காதுவரை சிவந்திருந்தது.

"ஊர் முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டியே! நான் எப்படி அவங்க முகத்துல முழிப்பேன்? சொல்லு, ஏவ்ரில்."

அவள் விளக்கை அணைக்காமல், கதவைச் சாத்தாமல், அவனைத் தாண்டி மாடிக்கு ஏறிப் போனாள்.